திருகோணமலையில் நான் வறுத்த சூரை

மீனைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்ற நினைப்போடுதான் திருகோணமலையில் போய் இறங்கினேன். பிறந்தது தூத்துக்குடி. பிழைப்பு, ஐஸ் ஆலைகளுக்கு இயந்திரம் பொருத்திக் கொடுப்பது. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் சமையல் என் பொறுப்பு. அன்று என் மனைவி அடுப்படிப் பக்கம் வரமாட்டாள், வந்தாலும் நான் விடமாட்டேன். இப்படிப்பட்டவன் ஒரு மீனை வைத்தே மானம் கெட்டுத் திரும்பிய கதை இது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

சீனக்குடாவில் ஒரு புதிய ஐஸ் ஆலை. அதற்கு எங்கள் கம்பெனி கம்ப்ரெசர். ஓட்டிக் காட்டி, ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்து வர ஆறு நாள் வேலை. ஹோட்டல் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஒழுங்கையில், ஜெயசீலன் என்பவர் வீட்டில் எனக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒழுங்கை என்றால் அங்கே சந்து. ஜெயசீலனுக்குத் துறைமுகத்தில் வேலை, அவர் மனைவி றெஜினாவுக்குப் பள்ளிக்கூடத்தில். மகள் கொழும்பில் படிக்கிறாள். மாதா கோயிலுக்குப் போகிற, அதிர்ந்து பேசாத குடும்பம்.

முதல் நாள் புட்டும் மீன் கறியும் தேங்காய்ப்பால் சொதியும் போட்டார்கள். நாம் குழம்பு என்பதை அவர்கள் கறி என்கிறார்கள். மிளகாயைக் கறுக்க வறுத்துத் திரித்திருக்கிறார்கள். கொதி அடங்கும்போது கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி இறக்குகிறார்கள். வாயில் வைத்தால் காரம் முதலில் தெரிவதில்லை. இரண்டு வாய் கழித்துத்தான் காதோரம் வியர்க்கிறது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுச் சொன்னேன், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் ஊரில் என்று. அந்த 'ஆனால் எங்கள் ஊரில்' என்பதை அந்த வாரம் நான் எத்தனை தடவை சொன்னேன் என்று றெஜினாவைக் கேட்டால் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவர் சிரித்துக்கொண்டு, "ஓமோ அண்ணை?" என்பார்.

இரண்டாம் நாள் ஆலையிலிருந்து தனியாகவே திரும்புகிறேன் என்று வீராப்பாகக் கிளம்பினேன். ஒரு பஸ்ஸில் கப்பல்துறை என்று பலகை. துறைமுகத்துக்குத்தானே போக வேண்டும் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். அது கண்டி வீதியில் நகரத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடி, ஒரு கிராமத்தில் போய் நின்றது. இறங்கிப் பார்த்தால் கப்பலையும் காணோம், துறையையும் காணோம். பக்கத்தில் நின்ற ஒருவர், வெளியூர் ஆட்கள் மாதத்துக்கு ஒருவராவது இப்படி வந்து இறங்குவதாகச் சொல்லி, திரும்பும் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார். பஸ் நிலையத்தில் இறங்கியபோது புள்ளிமான் ஒன்று பழத்தோலை மென்றுகொண்டு என்னைப் பார்த்தது. எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் மாடுதான் பார்க்கும்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. வேலை சுலபமாக முடிந்த சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது. சூரை மீனை எங்கள் வீட்டில் நான் வறுக்கிற விதத்தைச் சொன்னேன். மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், கொஞ்சம் வெந்தயம் எல்லாம் வறுத்துத் திரித்து, பூண்டும் புளிக்கரைசலும் சேர்த்துத் துண்டுகளில் அப்பி ஊறவைக்க வேண்டும். சூரை எண்ணெய் மீன், மசாலாவை அத்தனை சீக்கிரம் உள்ளே விடாது. அதைக் குளிரில் வைத்தால் மசாலா மேலேயே நின்றுவிடும், வெளியில் வைத்துத்தான் ஊறவிட வேண்டும் என்றெல்லாம் அளந்தேன். மசாலாப் பொட்டலமும் பெட்டியில் இருந்தது, மனைவி கட்டிக் கொடுத்தது. ஜெயசீலன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நாளைக்கு மத்தியானம் நீங்களே சமையுங்கோ அண்ணை, பார்ப்பம் என்றார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மீன்காரர் வந்தார். கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிற நசீர் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்கிறார்கள். பின்னால் கட்டிய வெள்ளைப் பெட்டியில் மீனும் ஐஸும். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சூரை கேட்டால் உடனே கொடுக்கமாட்டார். எத்தனை மணிக்குச் சமைப்பீர்கள் என்று கேட்பார். மத்தியானம் என்றால் கொடுப்பார். மாலை என்றால் வேறு மீனைக் காட்டுவார். எதிர் வீட்டு அம்மா சாயங்காலம்தான் சமைப்பேன் என்றதும், சூரையை மூடிவிட்டு விளைமீனை எடுத்துப் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறாரே என்று நினைத்தேன்.

என்னிடமும் கேட்டார்.

"எத்தின மணிக்குச் சட்டியில போடுவீங்க சேர்? அதுமட்டும் ஐஸுக்குள்ள கிடக்கட்டும்."

எனக்கே ஐஸைப் பற்றிச் சொல்கிறீர்களா என்று சிரித்தேன். நான் யார், என்ன வேலைக்கு வந்திருக்கிறேன் என்பதை விவரமாகச் சொன்னேன். அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நான்கு சூரை வாங்கினேன், அவரே தலை நீக்கித் துண்டு போட்டுத் தந்தார். றெஜினா கழுவி, ஒரு பாத்திரத்தில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். "சமைக்கிற நேரம்தான் வெளியில எடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கப் போனார். ஜெயசீலனும் வேலைக்குப் போய்விட்டார்.

ஏழு மணிக்கு வீட்டில் நான் மட்டும். மீனை வெளியே எடுத்தேன். மசாலாவைக் குழைத்து அப்பினேன். குசினி ஜன்னலோரம் தட்டில் பரப்பி, மேலே ஒரு சல்லடையைக் கவிழ்த்தேன். ஒரு மணி நேரம் ஊறட்டும், பிறகு உள்ளே வைத்துவிடலாம் என்பது கணக்கு. எட்டு மணிக்கு ஆலையிலிருந்து போன். கம்ப்ரெசர் நின்றுவிட்டது, உடனே வாருங்கள் என்றார்கள். கிளம்பினேன். வாசலைத் தாண்டும்போது மீன் ஞாபகம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறந்து போனேன் என்று சொன்னால் அது பொய். ஊறினால் நல்லதுதானே, ஒன்பதரைக்குள் வந்துவிடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே ஓட்டோவில் ஏறினேன்.

கம்ப்ரெசருக்கு ஒன்றுமில்லை, ஒரு வால்வை யாரோ மூடியிருந்தார்கள். கண்டுபிடிக்கத்தான் பதினொன்றரை ஆனது. திரும்பி வந்த பஸ் பாதி வழியில் புகைந்து நின்றது. அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நின்றோம். அது கச்சான் காற்று வீசுகிற காலம். தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் அந்தக் காற்று, உலை மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையின் தலையில் ஈரத் துணியைப் போட்டார். நான் ஜன்னலோரத் தட்டை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. ஆறரை மணி நேரம். தொட்டுப் பார்த்தேன், துண்டுகள் வெதுவெதுப்பாக இருந்தன. முகர்ந்தேன், மசாலா வாசம்தான் வந்தது. சூரையின் சங்கதி எனக்குத் தெரியும். நான் போகிற ஆலையிலெல்லாம் முதல் நாளே சொல்வேன்: சூரை, சாளை மாதிரி மீன்களில் சூட்டில் ஒரு விஷம் ஊறும். நாற்றம் வராது, நிறம் மாறாது, எத்தனை வறுத்தாலும் போகாது. இதை நான் ஊர் ஊராகச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். அதே நான், வாசலில் றெஜினாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் தட்டை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் தள்ளி, கதவைச் சாத்தினேன். காலையில் அந்தம்மா சொல்லியும் கேட்கவில்லை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்தால் சொல்லமாட்டேனா?

மீன் இத்தனை நேரமும் உள்ளேதானே இருந்தது என்று றெஜினா கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டரைக்கு வறுத்தேன். தேங்காய் எண்ணெயில், கறிவேப்பிலை போட்டு, இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று. வாசம் ஒழுங்கை முழுக்கப் போயிருக்கும். றெஜினா சோறும் சொதியும் செய்திருந்தார். ஜெயசீலன் வேலையிலிருந்து பசியோடு வந்தார். நான் பரிமாறினேன். அவர் அடுத்தடுத்து மூன்று துண்டு சாப்பிட்டு, எங்கட ஆக்களுக்கு இது தெரியாமப் போச்சே என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. றெஜினா ஒரு துண்டைப் பாதி தின்றுவிட்டு நிறுத்தினார்.

"நாக்கில ஊசி குத்துற மாதிரிக் கிடக்கு. மிளகு கூடிப்போச்சோ அண்ணை?"

நாக்கு சுருக்கென்றால் என்ன அர்த்தம் என்றும் எனக்குத் தெரியும். அதையும் ஆலைகளில் சொல்கிறவன்தான். எங்கள் ஊர் மிளகு அப்படித்தான் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, என் தட்டில் எடுத்து வைத்திருந்த துண்டைத் திரும்பச் சட்டியில் போட்டேன். சமைத்தவனுக்கு வாசத்திலேயே வயிறு நிறைந்துவிடும் என்று ஒரு பேச்சையும் பேசி, சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். எனக்கு எதிரே ஜெயசீலன் நான்காவது துண்டை எடுத்தார். நான் அவர் கையைப் பிடிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் அவர் முகமும் கழுத்தும் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன. தலை வெடிக்கிறது என்றார். நெஞ்சு அடிப்பது சட்டைக்கு மேலே தெரிந்தது. அவருக்கு ஏற்கெனவே இரத்த அழுத்தம் உண்டு என்பதை அப்போதுதான் றெஜினா சொன்னார். றெஜினாவின் கைகளிலும் தடிப்பு தடிப்பாகச் சிவந்திருந்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். மருத்துவர் இளைஞர். பார்த்த உடனே, என்ன மீன் என்று கேட்டார். எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பது அடுத்த கேள்வி. காலையில் வாங்கியது, ஃப்ரிட்ஜை விட்டு எடுக்கவே இல்லை என்று றெஜினா சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மருத்துவர் தாதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று றெஜினாவைக் கேட்டேன். அப்படியென்றால் வாங்கும்போதே பழுதான மீன், மீன்காரனை மாற்றச் சொல்லு என்கிறார் என்றார். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். மருந்துச் சீட்டை வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

படபடப்பு அடங்கியதும், இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் ஒழுங்கை முழுக்கச் செய்தி. பார்க்க வந்தவர்களில் ஒருவர், பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆக்கள் இப்பிடித்தான், பழசைத் தள்ளிவிட்டுப் போயிடுவாங்கள் என்றார். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பொத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

ஞாயிறு காலை நசீர் நானா வழக்கம்போல வந்து வாசலில் நிறுத்தினார். ஜெயசீலன் வெளியே போனார். அவர் சத்தம் போடுகிற ஆளில்லை. நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டு, இனி இந்த ஒழுங்கைக்கு வர வேண்டாம் என்றார். அக்கம்பக்கத்தார் அவரவர் வாசல் படலையில் நின்று பார்த்தார்கள். நானா முதலில் உடம்பு இப்போது எப்படி என்று கேட்டார். பிறகு பெட்டியைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"சேர் ஐஸ் தெரிஞ்ச ஆள்தானே. கைய வச்சுப் பாத்துச் சொல்லுங்க. இதில என்ன குற?"

கையை விட்டேன். மணிக்கட்டுவரை ஐஸ். ஒரு குறையும் இல்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் யாரும் அத்தனை ஒழுங்காகப் பெட்டி அடுக்கி நான் பார்த்ததில்லை. எல்லார் கண்ணும் என் வாயில் இருந்தது.

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு," என்றேன். "நேத்து எப்படி இருந்துச்சோ."

நானா பெட்டியை மூடி, கயிற்றை இழுத்துக் கட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒழுங்கை முனைவரை போனார். அன்று முழுவதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வெளியூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று றெஜினா எனக்குச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆலையில் என் வேலை முடியும் தறுவாய். அங்கிருந்த மேற்பார்வையாளர் பேச்சுவாக்கில், கிண்ணியா நசீரிடம் நாலைந்து ஒழுங்கைக்காரர்கள் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், நேற்றுப் பெட்டி நிறைய மீனோடு திரும்பிப் போனாராம், பழுது மீன் விற்றதாகக் கதை என்றார். பாவம், நல்ல மனிதர், என்ன நடந்ததோ என்றும் சொன்னார். நான் மத்தியானமே கிளம்பி வீட்டுக்கு வந்தேன். றெஜினா பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து சேலைகூட மாற்றாமல் நின்றார். உட்காராமலே சொன்னேன். மீனை வெளியே எடுத்தது, ஆறரை மணி நேரம் கிடந்தது, அவர் செருப்புச் சத்தம் கேட்டு உள்ளே தள்ளியது.

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குச் சனிக்கிழமையே தெரியும் அண்ணை. எதிர்வீட்டு அக்கா பதினொரு மணிக்கு எங்கட ஜன்னலில மீனுக்கு வந்த காகம் விரட்டினவ. பின்னேரம் எங்களப் பாக்க வந்து சொன்னவ."

அப்படியென்றால் ஏன் நானாவைப் போகவிட்டீர்கள் என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த ஆளை எப்பிடி முகத்துக்கு நேரே சொல்லுறது, இவரிட்டயும் நான் சொல்லேல்ல என்று மெல்லச் சொன்னார். பிறகு எழுந்து பையை எடுத்தார். வாங்கோ, கிண்ணியாவுக்குப் போவம் என்றார்.

பாலத்தில் காற்று ஓட்டோவைப் பிடித்து ஆட்டியது. நானா வீட்டு முற்றத்தில் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்கார வைத்து, அவர் மனைவியிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். அதைக் குடிக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களில எனக்குக் கோவமில்ல சேர். நீங்க ஆறு நாளைக்கு வந்த ஆள், என்னத் தெரியாது. டீச்சருக்குப் பதினொரு வருஷமா என்னத் தெரியும்."

றெஜினா தலையைக் குனிந்துகொண்டார். நாளையிலிருந்து வாருங்கள், ஒழுங்கையில் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறோம் என்றார். சொன்ன பிறகு பார்ப்போம் என்றார் நானா. அவ்வளவுதான். தேநீரை முழுவதும் குடிக்கும்வரை எழுந்திருக்க விடவில்லை.

ஒழுங்கை முனையிலேயே ஓட்டோவை நிறுத்தச் சொன்னார் றெஜினா. "நீங்களே சொல்லுங்கோ அண்ணை, நான் கூட வாறன்" என்றார். ஒவ்வொரு படலையாகத் தட்டினேன். மீன் நல்ல மீன், நான்தான் வெயில் நேரத்தில் வெளியே போட்டுக் கெடுத்தேன், நானா மேல் தப்பில்லை என்று சொன்னேன். சிலர் அப்படியா என்றார்கள். அந்தப் பக்கத்து ஆக்கள் என்று பேசியவர், சரி சரி என்று உள்ளே போய்விட்டார். எதிர்வீட்டு அக்கா ஒன்றும் கேட்காமல் என் தோளைத் தட்டினார். ஐந்தாறு வீடு தாண்டியதும், சொல்லிச் சொல்லி எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரிகூட இருந்தது. வெட்கங்கெட்ட மனசு.

கடைசி வீடு எங்களுடையது. ஜெயசீலன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மற்ற வீடுகளில் சொன்னதையே அவரிடமும் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். அவர் கோபப்படவில்லை. நடந்ததையெல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கிப் பார்க்கிறவர்போல வெகுநேரம் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப உங்களுக்கு ஏன் ஒண்டும் செய்யேல்ல? நீங்கள் சாப்பிடேல்லையோ அண்ணை?"

இல்லை என்றேன்.